எடுத்த வேரும் கொடுத்த விதையும்

நர்சிங் படிக்கும் மாணவி டோபமைன் என்ற பெயரைப் பெரும்பாலும் ஐசியூவில்தான் முதலில் கேட்கிறாள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு இன்ஃப்யூஷன் பம்ப் வழியாக ஏறிக்கொண்டிருக்கும் மருந்து அது. அடுத்து மனநலப் பிரிவில் போஸ்டிங். மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கத்தான் ஹாலோபெரிடால் கொடுக்கிறோம் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். பிறகு நரம்பியல் வார்டு. கை நடுங்க, முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் காட்டி, இவருக்கு டோபமைன் போதவில்லை என்கிறார்கள். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் தொல்லை, ஓரிடத்தில் பற்றாக்குறை. தேர்வு நெருங்கும்போது மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர மாணவிக்கு வேறு வழி தெரிவதில்லை.

ஆனால் இந்த மூன்று வார்டுகளின் கதையும் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்தது. இந்தியக் காடுகளில் வளரும் ஒரு செடியின் வேர், ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. மனம் பேதலித்தவர்களை அமைதிப்படுத்தியது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலரை நடுக்குவாதக்காரர்களைப் போல உறையவும் வைத்தது. ஒரு வேருக்கு எப்படி மூன்று குணம் என்று தேடிப் போனவர்களுக்குத்தான் டோபமைன் அகப்பட்டது. மூளை வேதியியல் என்று இன்று புத்தகத்தில் அத்தியாயம் போட்டுப் படிப்பதில் பெரும்பங்கு, வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் கண்டு சொன்னது.

அந்தச் செடி சர்ப்பகந்தா. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். முழங்கால் உயரத்துக்கு வளரும் சிறு செடி, வேர்தான் மருந்து. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் அதைக் கொடுத்து வந்தார்கள். பீகாரில் அதற்குப் பைத்தியத்துக்கு மருந்து என்றே பெயர். கடைத்தெருவில் தாராளமாக விற்றது. விடாமல் அழும் குழந்தையைத் தூங்கவைக்கக்கூட ஏழை வீடுகளில் அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த வேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சென் ஆயுர்வேதத்திலும் ஆங்கில மருத்துவத்திலும் தேர்ந்தவர். மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஒருசேரப் பயன்படும் இந்திய மருந்து இது என்பது அவர்களின் வாதம். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு அக்கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். இரண்டே ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ரா, வேர்ச்சாறு விலங்குகளின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைச் சோதித்துக் காட்டினார். இவ்வளவும் இந்தியாவிலேயே, இந்திய இதழ்களிலேயே நடந்தது. வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தவர் பம்பாயின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் 50 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. உயர் ரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மாத்திரை எதுவும் இல்லாத காலம் அது. உப்பைக் குறை, ஓய்வெடு என்பதைத் தாண்டிச் சொல்ல மருத்துவர்களிடம் அதிகம் இல்லை. பக்கவாதம் வரும்வரை காத்திருப்பதே பலருக்கு விதியாக இருந்தது. அந்த நேரத்தில், இந்தியாவில் ஒரு வேர் இதைச் செய்கிறது என்று அளவுகளோடும் பதிவுகளோடும் ஒருவர் எழுதியதும் உலகம் கவனித்தது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் வேரின் சாரத்தைத் துருவி, 1952இல் ஒரு பொருளைத் தூய வடிவில் பிரித்தார்கள். அதுதான் ரிசர்பின். செர்பாசில் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நியூயார்க் மாநிலத்தில் ராக்லண்ட் மாநில மருத்துவமனை என்ற பெரிய மனநோய் விடுதி இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்த இடம். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நேதன் கிளைன், இந்தியாவில் மனநோய்க்கு இந்த வேரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தியை 1953இல் நியூயார்க் டைம்ஸில் படித்தார். உடனே தன் நோயாளிகளிடம் சோதித்தார். வித்தியாசத்தை முதலில் உணர்ந்தது மருத்துவமனையில் ஜன்னல் கண்ணாடி மாற்றும் தொழிலாளி என்று ஒரு செய்தி உண்டு. மருந்து கொடுத்த வார்டுகளில் மாற்ற வேண்டிய கண்ணாடிகள் குறைந்துவிட்டன. அளவுகோல் எதுவும் இல்லாத காலத்தில், உடையாத கண்ணாடியும் ஒரு சான்றுதான்.

ரிசர்பின் பிரிக்கப்பட்ட அதே 1952இல் பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஷான் டிலேயும் பியர் டெனிக்கரும் இன்னொரு மருந்தைக் கையில் எடுத்திருந்தார்கள். குளோர்ப்ரோமசின். இது ஆய்வகத்தில் உருவானது. ஒன்று செடியிலிருந்து வந்தது, மற்றது குப்பியிலிருந்து வந்தது. வேதிக் கட்டமைப்பில் இரண்டுக்கும் உறவில்லை. ஆனாலும் இரண்டும் சங்கிலியில் கிடந்தவர்களை அமைதியாக்கின. இரண்டும் வேறொன்றையும் செய்தன. மருந்து கூடும்போது சில நோயாளிகள் அடி எடுத்து வைக்கத் தயங்கினார்கள். முகத்தில் உணர்ச்சி ஓடவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. விரல்கள் நடுங்கின. நடுக்குவாதம் பார்த்துப் பழகிய எவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கும். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிட்டது. அப்படியானால் நடுக்குவாதத்தை ஒரு ரசாயனத்தால் கொண்டுவரவும் போக்கவும் முடியும் என்றாகிறது. அன்று இதன் முழுப் பொருளையும் உணர்ந்தவர்கள் குறைவு.

நடுக்குவாதத்தைத் தனி நோயாக முதலில் விவரித்தவர் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆறு பேரைப் பற்றித்தான் எழுதினார். அதிலும் சிலரை அவர் தெருவில் கண்டிருந்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உடல் முன்னால் சாய்வது, நடக்கத் தொடங்கினால் ஓட்டமாகிவிடுவது, ஓய்வில் இருக்கும் கை நடுங்குவது எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. நடக்கும் மனிதரைக் கூர்ந்து பார்க்கும் கண் மட்டும் இருந்தது. இன்றைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தக் கண்ணால்தான்.

அரை நூற்றாண்டு கழித்து பாரிஸ் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் வந்த நோயாளிகள், வழியெல்லாம் குலுங்கியதில் உடம்பு இலகுவாக இருந்தது என்று சொன்னதைக் கேட்டு, குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து அதில் அவர்களை உட்காரவைத்தார். நோயாளி சொன்ன சொல்லைத் தள்ளிவிடாமல் காதில் வாங்கிக்கொண்டதற்காகவே அந்த நாற்காலியை நினைவில் வைக்கலாம். மருந்தாக அவர் கொடுத்தது பெல்லடோனா வகைச் செடிகளின் சாரம். கொஞ்சம் பலன் இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1919இல் கான்ஸ்டான்டின் ட்ரெட்டியாகாஃப், இறந்த நோயாளிகளின் மூளைத் தண்டின் மேற்பகுதியில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி வெளிறிப் போயிருப்பதைக் காட்டினார். இடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன குறைகிறது என்பது தெரிய இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று.

நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவது மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா என்ற சண்டையே அப்போது தீரவில்லை. 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு தளர்ந்தது. அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்திருக்கிறது என்பது உறுதியானது. பின்னாளில் அசிட்டைல்கோலின் என்று தெரிந்த அந்தப் பொருளுக்காக லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. இருந்தாலும் அது இதயத்தைப் பற்றிய சேதி. மூளைக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள 1950களில்கூடப் பலர் தயாராக இல்லை.

வேர் அங்கேதான் உதவிக்கு வந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழு, ரிசர்பின் கொடுத்த விலங்குகளின் மூளையில் செரட்டோனின் வற்றிவிடுவதை 1955இல் கண்டது. ஒரு மருந்து மூளையின் ரசாயனத்தை மாற்றுகிறது, அந்த மாற்றத்தை அளக்க முடிகிறது, நடத்தையும் கூடவே மாறுகிறது. மூன்றும் ஒரே சோதனையில் சேர்ந்து வந்தது அதற்கு முன் நடக்காதது. அந்த ஆய்வகத்தில் சில மாதம் வேலை கற்க ஸ்வீடனிலிருந்து அர்வித் கார்ல்சன் என்ற இளைஞர் வந்திருந்தார். செரட்டோனின் மட்டும்தான் வற்றுகிறதா என்ற கேள்வியோடு லுண்ட் நகருக்குத் திரும்பினார்.

1957இல் அவரும் லிண்ட்க்விஸ்ட், மேக்னுசன் என்ற இரு சகாக்களும் செய்த சோதனையின் புகைப்படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ரிசர்பின் ஊசி போட்ட முயல்கள் காதைத் தொங்கவிட்டு, அசையாமல், தொட்டாலும் நகராமல் கிடந்தன. அவற்றின் நரம்பில் டோபா என்ற அமினோ அமிலத்தைச் செலுத்தினார்கள். கால் மணி நேரத்துக்குள் முயல்கள் காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நடமாடின.

மூளைக்குள் போன டோபா எதுவாக மாறி அந்த உயிர்ப்பைத் தந்தது? நார்அட்ரினலின் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அளந்து பார்த்தால் நார்அட்ரினலின் கூடவே இல்லை. டோபாவுக்கும் நார்அட்ரினலினுக்கும் நடுவே இருக்கும் டோபமைன்தான் நிறைந்திருந்தது. 1910இலேயே ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட பொருள் அது. அதற்கென்று தனி வேலை எதுவும் இல்லை, வேறொன்று உருவாகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். 1959இல் பெர்ட்லரும் ரோசன்கிரெனும், மூளை டோபமைனின் பெரும்பகுதி அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். ட்ரெட்டியாகாஃப் கண்ட கருநிறப் பகுதியின் நரம்புகள் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

ரிசர்பினின் வேலையும் பிறகு விளங்கியது. நரம்பு முனைகளில் உள்ள நுண்பைகள் நெல் சேமிக்கும் குதிர்களைப் போன்றவை. டோபமைன், நார்அட்ரினலின், செரட்டோனின் மூன்றையும் அவை சேமித்து வைக்கின்றன. ரிசர்பின் சேமிக்கவே விடாது. சேமிக்கப்படாதவை நொதிகளால் சிதைந்து போகின்றன. ரத்தக் குழாய்களின் நரம்பில் நார்அட்ரினலின் வற்றினால் ரத்த அழுத்தம் இறங்கும். மூளையில் டோபமைன் வற்றினால் மனப்பிறழ்வின் வேகம் தணியும். கையும் காலும் இறுகும். மூன்று வார்டுகளுக்கும் இதுவே விடை.

லண்டனில் 1960இல் நடந்த மாநாட்டில் கார்ல்சன் மூளையில் டோபமைனின் பங்கைப் பற்றிச் சொன்னபோது துறையின் மூத்தவர்கள் நம்பவில்லை. ஹென்றி டேலே ஏற்கவில்லை. முயலில் நடப்பது மனிதரில் நடக்குமா என்ற கேள்விக்கு மனித மூளையைத்தான் பார்க்க வேண்டும். வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் அதைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் வேலை எளிய கருவிகளோடு நடந்தது. இறந்தவர்களின் மூளையிலிருந்து ஸ்ட்ரையாட்டத்தை வெட்டியெடுத்து, சாறாக்கி, அதோடு அயோடின் சேர்ப்பார். டோபமைன் இருந்தால் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். வேறு காரணங்களால் இறந்தவர்களின் குழாய்கள் அப்படியே சிவந்தன. நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் குழாய்களில் நிறம் ஏறவே இல்லை என்று சொல்லுமளவுக்கு மங்கலாக இருந்தது. கருவியில் வைத்து அளப்பதற்கு முன்பே, வெறும் கண்ணால் அந்த நோயின் பற்றாக்குறையைப் பார்த்துவிட்டார் அவர். ஹெர்பர்ட் எரிங்கரோடு சேர்ந்து 1960இல் இதை வெளியிட்டபோது கணக்கில் இருந்த நடுக்குவாத மூளைகள் ஆறு மட்டுமே. ஆறு போதுமானதாக இருந்தது. டோபமைன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்த பிறகே வெளியே அறிகுறி தெரிகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. முதல் நடுக்கத்தைப் பார்க்கும்போது நோய் பல ஆண்டு உள்ளே நடந்து முடிந்திருக்கிறது.

குறைவது டோபமைன் என்றால் டோபமைனையே கொடுக்கலாமே? ஐசியூவில் பார்த்த அந்த டிரிப்பை நடுக்குவாதக்காரருக்கும் போட்டால் என்ன? ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வழியில் உள்ள தடையை டோபமைனால் தாண்ட முடியாது. இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அதன் முன்னோடியான டோபாவின் வடிவமான லெவோடோபாவுக்கு அந்தத் தடையில் வழி உண்டு. உள்ளே போனதும் நொதி அதை டோபமைனாக்குகிறது. 1961 ஜூலையில் வியன்னாவின் லைன்ஸ் முதியோர் மருத்துவமனையில் வால்ட்டர் பிர்க்மேயர், ஹோர்னிகீவிச் கொடுத்த லெவோடோபாவை நோயாளிகளுக்கு நரம்பில் செலுத்தினார். படுத்தே கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். குழறிய பேச்சு புரிந்தது. சில மணி நேரத்தில் பழையபடி ஆனார்கள். அதே சமயம் கனடாவின் மான்ட்ரியாலில் ஆந்த்ரே பார்போவும் இந்த முடிவை எட்டியிருந்தார்.

லெவோடோபா வியன்னாவில் பிறந்ததல்ல. 1913இல் பாசெலின் ரோஷ் நிறுவனத்தில் மார்க்கஸ் குகன்ஹைம் அவரை இனப் பயற்றிலிருந்து அதைப் பிரித்தார். என்ன செய்கிறது என்று பார்க்க இரண்டரை கிராம் விழுங்கி, கடும் குமட்டலும் வாந்தியும் வந்து அவதிப்பட்டார். அதற்கு மேல் பயனில்லை என்று விஷயம் கிடப்பில் போனது.

இங்கே சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்த கட்டுரை அது. பூனைக்காலி நம் வேலிகளில் படரும் கொடி. அதன் காயைத் தொட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மேலே இருக்கும் பழுப்பு நிறச் சுணை தோலில் பட்டால் அரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும். விதையை நாட்டு மருத்துவத்தில் நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் கொடுத்து வந்தார்கள். விதையின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு வரை லெவோடோபா இருக்கிறது. இவ்வளவு செறிவாக அதை வைத்திருக்கும் தாவரங்கள் அரிது.

நடுக்குவாதத்துக்கும் டோபாவுக்கும் உள்ள உறவு அந்த இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. உலகத்தில் யாருக்கும் அப்போது தெரியாது. ஆனால் மூளையிலிருந்து டோபமைனைப் பறித்த வேரும், அதைத் திரும்பக் கொடுத்த பொருள் உறையும் விதையும் ஒரே நாட்டின் மண்ணில் விளைந்தவை. இரண்டையும் இங்கேயே ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை என்ற நான்கு ஊர்களின் வேலையும் மூளை வேதியியலின் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட வராமல் போவது நியாயமில்லை. நர்சிங் வகுப்பிலாவது இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும்.

பிர்க்மேயரின் ஊசி பலன் தந்தாலும் மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலருக்குக் கைகூடவில்லை. கொடுத்த அளவு குறைவு, கூட்டினால் வாந்தி. இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் கோட்சியஸ். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டி, வாயால் விழுங்கும் மருந்தாகவே கொடுத்தார். 1967இல் 16 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. அதிசய மருந்து ஒன்றும் புதிதாக வரவில்லை. பழைய மருந்தைப் பொறுமையாகக் கொடுக்கும் முறை வந்தது. ஒவ்வொரு முறை அளவு கூடும்போதும் வாந்தி, ரத்த அழுத்தம், நடை என்று பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். நாள் முழுக்க நோயாளியோடு இருக்கும் செவிலியரின் கண் இல்லாமல் இந்த முறை நடக்காது. 1970இல் அமெரிக்க அரசு லெவோடோபாவை அனுமதித்தது. மூளைக்கு வெளியே அது டோபமைனாக மாறுவதைத் தடுக்கும் கார்பிடோபாவைச் சேர்த்து 1975இல் ஒரே மாத்திரையாக வந்தபோது வாந்தியும் பெருமளவு அடங்கியது.

மாத்திரை வருவதற்கு முன், கடுமையான நடுக்கத்துக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி. 1960களில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர், மூளைக்குள் குறிப்பிட்ட ஒரு புள்ளியை அளந்து எட்டும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையை நடத்திவந்தார்கள். கனகா இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர்.

1969இல் நியூயார்க் பிராங்க்ஸில் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் ஆலிவர் சாக்ஸ், பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்தவர்களுக்கு லெவோடோபா கொடுத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய மூளையழற்சித் தூக்க நோயிலிருந்து தப்பியவர்கள் அவர்கள். எழுந்தார்கள், பேசினார்கள், பாடினார்கள். பிறகு பலருக்குக் கட்டுக்கடங்காத அசைவுகளும், திடீரென்று உறைவதும், மனக்குழப்பமும் வந்தன. 1973இல் வந்த அவருடைய அவேக்கனிங்ஸ் நூல் இந்த இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறது. டோபமைனைத் திரும்பக் கொடுக்கலாம், மூளை தானே சுரந்தபோது இருந்த ஒழுங்கை மாத்திரையால் திரும்பக் கொடுக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது. ஹோர்னிகீவிச்சுக்கு இல்லை. 200க்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் இதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் எழுதியது சரிதான்.

இந்த வரலாறு வார்டில் என்ன சொல்கிறது என்பதை மாணவிகள் அறிவது அவசியம். ரிசர்பின் இன்று அரிதாகிவிட்டது. அது கற்றுத்தந்த பாடம் அரிதாகவில்லை. வாந்தி என்று சொன்ன நடுக்குவாத நோயாளிக்கு வழக்கம்போல மெட்டோகுளோப்ரமைட் ஊசி போட்டால் அது மூளையில் டோபமைனைத் தடுத்து அவரை இறுக்கிவிடும். இரவில் குழம்பிப் பேசுகிறார் என்று ஹாலோபெரிடால் போட்டாலும் அதே கதைதான். மருந்து எழுதியவர் கவனிக்காவிட்டாலும், ஊசியை ஏற்றும் கை ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும்.

மாத்திரைப் பட்டையில் உள்ள எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் சின்டோபாவில் 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 275 என்றால் 250உம் 25உம். எண்ணை மாற்றி எடுத்தால் டோஸ் இரண்டரை மடங்காகிவிடும். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்ந்தால் உள்ளே நுழையும் வழியில் போட்டி வந்து மருந்து பின்தங்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுப்பது வழக்கம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். படுத்தும் நின்றும் அளக்க வேண்டும். மருந்து பிடித்திருக்கும் நேரம், விட்டுவிட்ட நேரம், தேவையில்லாத அசைவு வரும் நேரம் மூன்றையும் கேஸ் ஷீட்டில் மணியோடு எழுதினால், ரவுண்ட்ஸில் மருத்துவர் டோஸை மாற்ற அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும், குரலில் கண்டனம் இல்லாமல். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், பதப்படுத்திய விதைப்பொடி வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. வேலை செய்கிறது என்பதாலேயே அது ஆபத்தும்கூட. மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டை டோஸ் ஆகும். கடைப்பொடியில் அளவு சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். அறுவைக்கு முன் வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதியிருப்பதாலோ, மருந்து ட்ராலி எட்டு மணிக்குத்தான் வரும் என்பதாலோ நடுக்குவாதக்காரரின் ஒரு வேளை மாத்திரை தள்ளிப்போனால் அவர் விழுங்க முடியாமல், திரும்பிப் படுக்க முடியாமல் போகலாம். ஒரேயடியாக நின்றுபோனால் கடும் காய்ச்சலும் விறைப்பும் நினைவு தப்புவதுமாக உயிருக்கே ஆபத்தாகும். எழுதிக்கொடுத்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவத் தர விதிகள் சொல்கின்றன. விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவோ தோலில் ஒட்டும் மருந்தாகவோ கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டுமே தவிர, டோஸைத் தவறவிடக் கூடாது.

ஆகவே மாணவிகளே, நரம்பியல் வார்டோ, எலும்பு முறிவு வார்டோ, ஹேண்டோவர் வாங்கும் இடம் எதுவாக இருந்தாலும், நடுக்குவாதம் உள்ள நோயாளி இருந்தால் அவருடைய வீட்டு மருந்து நேரம் என்ன என்பதை முதலில் கேளுங்கள். வார்டின் நேரத்துக்கு அவரை மாற்றாதீர்கள். அவருடைய நேரத்தைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த டியூட்டிக்கு வருபவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.